மைக்ரோசாஃப்ட் பங்கு: 12 வருடத்துக்கு வாங்கி வைக்க என்னென்ன கணக்குப் பார்க்க வேண்டும்?

ராணிப்பேட்டை_கணக்கர் எழுதியது:

வணக்கம். ஷூ அப்பர் ஏற்றுமதி யூனிட் ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியும், ஆனால் அமெரிக்கக் கம்பெனி அறிக்கை படித்துப் பழக்கமில்லை. மகளின் மேற்படிப்புக்கென்று 9 லட்சம் இருக்கிறது. 12 வருடம் கழித்துத்தான் தேவைப்படும். அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ மைக்ரோசாஃப்டில் போடலாமா என்று யோசிக்கிறேன். விலை தினமும் மாறுகிறது, கணக்குக்காக 480 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் சந்தேகங்கள்: அந்த விலைக்கு பி.இ. (விலையை ஒரு பங்குக்கான வருட லாபத்தால் வகுத்தது) 35 வருகிறது, இது அதிகமா? லாபம் 100 பில்லியன் டாலரைத் தாண்டியும் கையில் மிஞ்சும் ரொக்கம் ஏன் அவ்வளவு குறைவு? டாலர் வம்பே வேண்டாம் என்று இன்ஃபோசிஸ், டி.சி.எஸ். வாங்கிப் போடுவது மேலா? வாங்குவதானால் வங்கி, வரி விஷயத்தில் எங்கே சிக்கும்? "நல்ல கம்பெனி, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்று பலர் சொல்லிவிட்டார்கள். எனக்கு வேண்டியது கணக்கு.

---

பாலாறு_தென்கரை எழுதியது:

நல்ல கம்பெனி என்பதில் யாருக்கும் சண்டை இல்லை சார். 1999 டிசம்பரிலும் அது நல்ல கம்பெனிதான். அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் 12 வருடம் என்று திட்டம் போடுகிற யாரும் இந்தக் கணக்கைத் தாண்டிப் போகக் கூடாது.

1999 டிசம்பரில் பங்கு விலை, பிற்பாடு நடந்த ஸ்பிளிட்டை (ஒரு பங்கை இரண்டாகப் பிரித்ததை) சரிசெய்து பார்த்தால், 60 டாலரைத் தொட்டது. திரும்ப அந்த விலைக்கு மேல் முடிந்தது 2016 அக்டோபரில். நடுவில் கம்பெனி தூங்கவில்லை. 2000 நிதியாண்டில் சுமார் 23 பில்லியனாக இருந்த விற்பனை 2016-ல் 85 பில்லியன். பங்குக்கு லாபம் 0.85 டாலரிலிருந்து 2.10 டாலர். மாறியது ஒன்றே ஒன்று: 60-ஐ 0.85-ஆல் வகுத்தால் பி.இ. 70, 2.10-ஆல் வகுத்தால் 28. கம்பெனி சம்பாதித்ததையெல்லாம் பி.இ. இறக்கம் தின்றுவிட்டது.

ரூபாயில் பார்ப்போம். டாலர் அப்போது சுமார் 43.50, 2016 அக்டோபரில் சுமார் 66.70. அன்று நம்மால் வாங்கியிருக்க முடியாது, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அனுமதிக்கும் எல்.ஆர்.எஸ். திட்டம் வந்ததே 2004-ல், கணக்குக்காகச் சொல்கிறேன். 1 லட்சம் போட்டிருந்தால் 1.53 லட்சம், அதோடு கொஞ்சம் டிவிடெண்ட். அதே 1 லட்சத்தை 8% கூட்டு வட்டியில் போட்டிருந்தால் வரிக்கு முன் சுமார் 3.6 லட்சம்.

இப்போது உங்கள் 480. எதிர்காலத்தை ஊகிக்காமல், இந்த விலை என்னத்தை எதிர்பார்க்கிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். பங்குகள் சுமார் 743 கோடி. ஆக மொத்த மதிப்பு ஏறக்குறைய 3,570 பில்லியன் டாலர். வருடத்துக்கு 10% டாலர் வருமானம் வேண்டுமானால் 12 வருடத்தில் அது 3.14 மடங்காகி 11,200 பில்லியன் ஆக வேண்டும். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அன்றைய சந்தை பி.இ. 25 கொடுக்கும் என்று தாராளமாகவே வைத்தாலும், அன்றைய லாபம் சுமார் 448 பில்லியன் இருந்தாக வேண்டும். 2025 ஜூனில் முடிந்த ஆண்டின் லாபம் 101.8 பில்லியன். அதாவது 4.4 மடங்கு, வருடத்துக்கு 13% வளர்ச்சி. டிவிடெண்ட் முக்கால் சதவீதம் வருவதால் 12 சொச்சம் போதும்.

முடியுமா? கடந்த 12 வருடத்தை எடுங்கள். 2013-ல் லாபம் 21.9 பில்லியன், 2025-ல் 101.8. வருடத்துக்கு 13.7%. கிளவுட் என்ற புதுத் தொழிலே முளைத்து வளர்ந்த 12 வருடம் அது. உங்கள் 10% கிடைக்க, ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரிய அடித்தளத்திலிருந்து கிட்டத்தட்ட அதே வேகம் திரும்ப வேண்டும். 8% போதும் என்றால் தேவைப்படுவது 11% வளர்ச்சி. நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த விலையில் அந்த வளர்ச்சிக்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிடுகிறீர்கள். மிஞ்சி நடந்தால்தான் மேலதிக லாபம்.

இந்தக் கணக்கை ஒரு எக்செல் தாளில் போட்டு, கடைசி பி.இ.-யை 20, 25, 30 என்று மாற்றிப் பாருங்கள். 20 வைத்தால் தேவைப்படும் வளர்ச்சி 15%-ஐத் தொடும். எந்த ஆப்பும் இதைக் காட்டாது.

---

சத்துவாச்சாரி_ஆடிட் எழுதியது:

மேலே சொன்ன கணக்கு நிகர லாபத்தை வெச்சுப் போட்டது. உங்க ரெண்டாவது சந்தேகத்துக்கு வர்றேன், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு.

முதல்ல ஆப்ல வர்ற எண்களை மூடி வைங்க. அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி.யோட எட்கர் தளத்துல 10-கேங்கற ஆண்டறிக்கை இலவசமா கிடைக்கும். இவங்க நிதியாண்டு ஜூன் 30-ல முடியுது, 10-கே ஜூலை கடைசியில வந்துடும். நேரா கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டுக்குப் போங்க. 2025-க்கு:

தொழில்ல வந்த ரொக்கம் 136.2 பில்லியன். கட்டடம், சர்வர் வாங்கினது 64.6. மிச்சம் 71.6. இதைத்தான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோன்னு சொல்றாங்க. முந்தின வருஷம் இது 74.1. லாபம் 88-லேர்ந்து 102-க்குப் போன வருஷத்துல மிஞ்சின ரொக்கம் குறைஞ்சிருக்கு பாருங்க.

அதுல இன்னும் ஒண்ணு கழிக்கணும். ஊழியர்களுக்குப் பங்கா கொடுத்த சம்பளம் சுமார் 12 பில்லியன். ரொக்கமா போகலைன்னு அதைத் தொழில் ரொக்கத்துல திரும்பக் கூட்டிக் காட்டுவாங்க. ஆனா சம்பளம் சம்பளம்தான். கழிச்சா ஏறக்குறைய 60 பில்லியன். 3,570 பில்லியன் மதிப்புக்கு 60 பில்லியன்னா 1.7% கூட இல்லை. பாலாறு சாரோட கணக்கை இந்த 60-லேர்ந்து ஆரம்பிச்சா தேவைப்படுற வளர்ச்சி 13% இல்லை, 18%.

எது சரி, 102-ஆ 60-ஆ? ரெண்டுக்கும் நடுவுலதான் உண்மை. 64.6 பில்லியன்ல எவ்வளவு பழசை மாத்துறதுக்கு, எவ்வளவு புது வியாபாரத்துக்குன்னு பிரிக்கணும். தேய்மானம், கண்ணுக்குத் தெரியாத சொத்துக்கு எழுதுற அமார்ட்டைசேஷன் எல்லாம் சேர்த்து அந்த வருஷம் சுமார் 34 பில்லியன். அதுக்கு மேல போறது வளர்ச்சிக்குன்னு வெச்சுக்கலாம். ஆனா தேய்மானமே சரியான அளவுதானான்னு கேக்கணும்.

இங்க உங்க தொழில்லேர்ந்தே ஒரு உதாரணம். டேனரியில 24 லட்சத்துக்கு தோல் பதனிடுற டிரம் வாங்கி நாலு வருஷத்துல தேய்மானம் எழுதினா வருஷம் 6 லட்சம் செலவு. ஆறு வருஷம்னு மாத்தினா 4 லட்சம். ஒரு தோல் கூட அதிகமா விக்காம லாபம் 2 லட்சம் ஏறிடும். மைக்ரோசாஃப்ட் 2023 நிதியாண்டுல சர்வர், நெட்வொர்க் கருவிகளோட ஆயுளை நாலுலேர்ந்து ஆறு வருஷமா மாத்தினாங்க. அந்த ஒரு வருஷத்துல மட்டும் இயக்க லாபம் 3.7 பில்லியன் கூடுச்சு. மறைச்சு செய்யலை, குறிப்புல எழுதியே இருக்கு. அமேசான் 2025-ல சில சர்வர்களோட ஆயுளை ஆறுலேர்ந்து அஞ்சா குறைச்சாங்க. ஒரே மாதிரி இயந்திரத்துக்கு ரெண்டு பெரிய கம்பெனி வேற வேற ஆயுள் சொல்றப்ப, ஏ.ஐ. சிப் ஆறு வருஷம் சம்பாதிச்சுக் கொடுக்குமாங்கறது திறந்த கேள்விதான். அதனால தேய்மானக் கொள்கை குறிப்பை வருஷா வருஷம் படிங்க.

அடுத்து குத்தகை. 64.6 என்பது ரொக்கமா கொடுத்தது மட்டும். ஃபைனான்ஸ் லீஸ்ல (கிட்டத்தட்ட கடன்ல வாங்கின மாதிரியான நீண்ட குத்தகை) எடுத்த டேட்டா சென்டரையும் சேர்த்தா அந்த வருஷ மூலதனச் செலவு சுமார் 88 பில்லியன். ஃப்ரீ கேஷ் ஃப்ளோ இதைக் காட்டாது. லீஸ் பத்தின குறிப்புல, கையெழுத்தாகி இன்னும் தொடங்காத குத்தகை எவ்வளவுன்னு ஒரு வரி இருக்கும். அதைக் கட்டாயம் பாருங்க, வரப்போற வருஷங்களோட பாரம் அதுலதான் இருக்கு.

பைபேக் பத்தியும் சொல்லிடறேன். 2025-ல பங்குகளைத் திரும்ப வாங்க 18 பில்லியனுக்கு மேல செலவு. டைல்யூட்டட் (ஊழியர்களுக்கு வரவேண்டிய பங்கையும் சேர்த்த) சராசரிப் பங்கு எண்ணிக்கை 2024-ல 746.9 கோடி, 2025-ல 746.5 கோடி. 40 லட்சம் பங்குதான் குறைஞ்சிருக்கு. ஊழியர்களுக்குப் புதுசா கொடுத்ததை ஈடுகட்டவே பெரும்பகுதி போயிடுச்சு. "பைபேக் பண்றாங்க, பங்கு குறையும்"னு யாராவது சொன்னா இந்த ரெண்டு எண்ணையும் காட்டுங்க.

கடைசியா, கம்பெனி வாங்குற பழக்கம். 2007-ல சுமார் 6.3 பில்லியனுக்கு வாங்கின ஏகுவான்டிவ்ங்கற விளம்பரக் கம்பெனியில 6.2 பில்லியனை 2012-ல நஷ்டம்னு எழுதித் தள்ளினாங்க. நோக்கியா ஃபோன் தொழிலை 2014-ல வாங்கி, அடுத்த வருஷமே 7.6 பில்லியனை அதே மாதிரி எழுதித் தள்ளினாங்க. 2023 அக்டோபர்ல ஆக்டிவிஷன்ங்கற வீடியோ கேம் கம்பெனி, 68.7 பில்லியன். கேஷ் ஃப்ளோல கையகப்படுத்தல் தனி வரி. பத்து வருஷத்தைக் கூட்டி ஃப்ரீ கேஷ் ஃப்ளோல கழிச்சுப் பாருங்க, ஏன்னா அதுவும் பங்குதாரர் காசுதான். ஓப்பன்ஏஐ முதலீட்டோட நஷ்டப் பங்கு "இதர வருமானம்" வரியில போகுது, இயக்க லாபத்துல தெரியாது. அந்த வரியையும் விட்டுடாதீங்க.

---

ஆம்பூர்_டாலர் எழுதியது:

பணம் போகும் வழியை மட்டும் நான் சொல்கிறேன்.

எல்.ஆர்.எஸ். உச்சவரம்பு நபருக்கு, நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் எல்லா வங்கியும் சேர்த்து 10 லட்சத்துக்கு மேல் முதலீட்டுக்கு அனுப்பினால், மேலே போகும் தொகைக்கு 20% டி.சி.எஸ். வரி (டாடா கம்பெனி இல்லை, வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். ரிட்டர்னில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். 9 லட்சம் தப்பிவிடும். அதே வருடம் உங்கள் பேரில் வெளிநாட்டுக் கல்லூரிக் கட்டணம் என்று வேறு ஏதாவது போனால் 10 லட்சக் கணக்கில் அதுவும் சேரும், கவனம்.

வங்கியில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் நோக்கக் குறியீடு எஸ்0001, அதாவது வெளிநாட்டுப் பங்கு முதலீடு. பணம் புறப்படும் கணக்கு உங்கள் பெயரில், பான் அட்டையிலும் புரோக்கர் கணக்கிலும் இருக்கிற அதே எழுத்தில் இருக்கட்டும். மனைவி முதல் பெயராக உள்ள கூட்டுக் கணக்கிலிருந்து அனுப்பினால் புரோக்கர் மூன்றாம் நபர் பணம் என்று திருப்பி அனுப்பிவிடலாம். டாலராக்கும்போதும் திரும்ப ரூபாயாக்கும்போதும் மாற்று நஷ்டம் இரண்டு தடவை. அனுப்பிய பணத்தை முதலீடு செய்யாமல் 180 நாளுக்கு மேல் சும்மா வைக்கவும் கூடாது.

ரேட். உங்கள் யூனிட்டின் எக்ஸ்போர்ட் பில்லுக்கு வங்கி கொடுக்கும் பேரம் பேசிய ரேட் தனிநபருக்குக் கிடைக்காது. வங்கி அன்றைக்குப் பொதுவாக அறிவிக்கும் கார்டு ரேட் போடுவார்கள். டாலர் 90 என்றால் 1 ரூபாய் வித்தியாசம் 1.1%. அதோடு வெளிநாட்டுக்கு அனுப்பும் ஸ்விஃப்ட் கட்டணம், ஜி.எஸ்.டி. மாதம் பத்தாயிரம் என்று துண்டு துண்டாக அனுப்பினால் கட்டணமே தின்றுவிடும். மூன்று தவணைக்கு மேல் வேண்டாம். கிளை மேலாளரிடம் வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் அன்றைய இண்டர்பேங்க் ரேட்டைச் சொல்லி, எத்தனை பைசா வித்தியாசம் என்று கேளுங்கள். கேட்டால் குறைப்பார்கள்.

வரி: 24 மாதம் தாண்டி விற்றால் லாபத்தில் 12.5%, விலைவாசி ஏற்றத்தைக் கழிக்கும் இண்டெக்ஸேஷன் கிடையாது. அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி ஸ்லாப். இந்தியப் பங்குக்கு இருக்கும் 1.25 லட்சம் விலக்கு இதற்கு இல்லை. டிவிடெண்டில் அமெரிக்காவில் 25% பிடிப்பார்கள். அமெரிக்கர் அல்ல என்று புரோக்கரிடம் எழுதித் தரும் டபிள்யூ-8 பென் படிவம் கொடுக்காவிட்டால் அல்லது காலாவதியாகிவிட்டால் 30%. கையெழுத்திட்ட வருடத்துக்குப் பின் மூன்றாவது காலண்டர் வருடக் கடைசி வரைதான் அது செல்லும். அங்கே பிடித்ததற்கு இங்கே வரவு வேண்டுமானால் அதற்கென்று உள்ள தனிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

ஐ.டி.ஆர்.-1 உங்களுக்கு இனி ஆகாது, ஐ.டி.ஆர்.-2தான். அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டர் கணக்கு. நிறைய பேர் ஏப்ரல்–மார்ச் எண்ணைப் போட்டு நோட்டீஸ் வாங்குகிறார்கள். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் காட்ட வேண்டும். 20 லட்சத்துக்குக் கீழான அசையும் சொத்துக்கு 10 லட்சம் அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரிலிருந்து தளர்த்தினார்கள். அது அபராதத்துக்குத்தான், காட்டும் கடமைக்கு இல்லை.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். உங்கள் சம்பளமே டாலர் ஆர்டரில்தான் வருகிறது. அமெரிக்காவில் வாங்குவது படுத்தால் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முழுக்க ஷிப்ட் குறையும். அதே சமயத்தில் அங்கே பங்குகளும் விழக்கூடும். வேலை ஆட்டம் காணும்போது விலை இறங்கிய பங்கை விற்று வீட்டுச் செலவு பார்க்கும் நிலை வரக் கூடாது. ஆறு மாதச் செலவு டெபாசிட்டில் இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

---

ராணிப்பேட்டை_கணக்கர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. 10-கே இறக்கிக்கொண்டேன். விற்பனை 281.7 பில்லியன் மூன்று பிரிவாக இருக்கிறது: ஆஃபீஸ், லிங்க்டுஇன் இருக்கும் பிரிவு 120.8, கிளவுட் 106.3, விண்டோஸ், எக்ஸ்பாக்ஸ் 54.6. வளர்ச்சியில் எதைக் கவனிக்க வேண்டும்? இன்ஃபோசிஸ், டி.சி.எஸ். பற்றி யாரும் சொல்லவில்லையே. அமெரிக்காவின் 100 பெரிய கம்பெனிகளை மொத்தமாக வைத்திருக்கும், நம் சந்தையிலேயே ரூபாயில் கிடைக்கும் நாஸ்டாக் 100 இ.டி.எஃப். வாங்கினால் டாலர் அனுப்பும் வேலையே இல்லை என்கிறார்களே, அது?

---

பாலாறு_தென்கரை எழுதியது:

கிளவுட்தான். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூர் அந்த வருடம் 75 பில்லியனைத் தாண்டி 34% வளர்ந்தது. காலாண்டு முடிவு அக்டோபர், ஜனவரி, ஏப்ரல், ஜூலை கடைசியில் வரும். ஒவ்வொரு தடவையும் மூன்று எண்களை ஒரே தாளில் எழுதுங்கள்: அஸூர் வளர்ச்சி, மூலதனச் செலவு, கிளவுட் மொத்த லாப விகிதம். செலவு வளரும் வேகத்தைவிட அஸூர் வளரும் வேகம் தொடர்ந்து நாலைந்து காலாண்டு பின்தங்கி, லாப விகிதமும் இறங்கினால், போட்ட காசு திரும்பும் வேகம் குறைகிறது என்று பொருள். ஒரு காலாண்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கையெழுத்தான ஒப்பந்தங்களின் நிலுவை 2025 ஜூனில் 368 பில்லியன். பெரிய எண்தான். அதில் ஒரே வாடிக்கையாளரின் பங்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஒருவரையே நம்பிய ஆர்டர் புத்தகம் எப்படிப்பட்டது என்று ராணிப்பேட்டையில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஃபோசிஸ், டி.சி.எஸ். வேறு ஜாதித் தொழில். அங்கே விற்பது மனித உழைப்பு, எனவே சர்வருக்குக் கொட்ட வேண்டியதில்லை, லாபத்தில் பெரும்பங்கு டிவிடெண்ட், பைபேக் என்று கைக்கு வந்துவிடும். டி.சி.எஸ். 2024 நிதியாண்டில் 2,40,893 கோடி விற்று 2025-ல் 2,55,324 கோடிக்குப் போனது, வளர்ச்சி 6%. இந்த வகைக்கு 30 பி.இ. கொடுத்தால் கணக்கு உதைக்கும். ரூபாயில் வாங்கினாலும் வருமானத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுக் காசுதான், அதில் டாலர் முக்கியம், அதனால் ஆம்பூர் சார் சொன்ன ஆபத்து இங்கேயும் அப்படியே இருக்கிறது.

இ.டி.எஃப். நல்ல வழி, ஒரு முள் உண்டு. மியூச்சுவல் ஃபண்டுகள் மொத்தமாக 7 பில்லியன் டாலர்தான் வெளியே போடலாம் என்ற வரம்பு இருக்கிறது. அது நிரம்பினால் புது யூனிட் உருவாக்க முடியாது, சந்தையில் இருக்கிற யூனிட்டுக்கே போட்டி வந்து விலை உள் மதிப்பைவிட ஏறிவிடும். வாங்கும் நிமிடத்தில் ஃபண்ட் ஹவுஸ் தளத்தில் ஐ-என்.ஏ.வி. (அந்த நேரத்து உள் மதிப்பு) பாருங்கள். 10% கூடுதலாக இருந்தால் முதல் வருட வருமானத்தை விற்பவருக்கே கொடுத்துவிட்டு ஆரம்பிக்கிறீர்கள். 1, 2 சதவீதத்துக்குள் வரும் நாள் வரை காத்திருந்து, நீங்கள் குறிக்கும் விலைக்கு மேல் வாங்காத லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள்.

என் கருத்து கேட்டால்: படிப்புப் பணத்தில் ஒரே கம்பெனிக்கு 2 லட்சத்துக்கு மேல் போடக் கூடாது. 480-ல் அதைக்கூட மூன்று தவணையாக, மூன்று காலாண்டு முடிவுகளைப் படித்த பிறகு. மீதியை இந்திய இண்டெக்ஸ் ஃபண்டும் டெபாசிட்டுமாகப் பிரியுங்கள். 9-வது வருடத்திலிருந்து பங்குப் பக்கம் இருப்பதை வருடா வருடம் மூன்றில் ஒரு பாகமாக டெபாசிட்டுக்கு மாற்றத் தொடங்குங்கள். கல்லூரி கட்டணம் கேட்கும் ஜூன் மாதம் சந்தை நிலவரம் பார்த்து வராது.

---

ஆம்பூர்_டாலர் எழுதியது:

2 லட்சம் மட்டும் என்றால் நேரடியாக அனுப்புவதில் கட்டண விகிதம் அதிகம். ஒரே தடவையில் அனுப்பிவிட்டு, வாங்குவதை மட்டும் தவணையாகச் செய்யுங்கள். அப்போது மேலே சொன்ன 180 நாள் கணக்கு நினைவிருக்கட்டும்: மூன்றாவது தவணை அதற்குள் முடிய வேண்டும். காலாண்டு முடிவுக்கு ஒரு வாரம் முன்பு அனுப்பினால் மூன்றாவது முடிவு அந்த 180 நாளைத் தாண்டிப் போய்விடும். எனவே முதல் முடிவு வந்த அன்றே அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து வரும் மூன்றாவது முடிவுக்காக நிற்காமல், மீதித் தொகையை இரண்டாவது முடிவோடு வாங்கி முடித்துவிடுங்கள்.

அமெரிக்க வாரிசு வரி பற்றியும் தெரிந்து வையுங்கள். அமெரிக்கர் அல்லாதவருக்கு விலக்கு 60,000 டாலர்தான், அதற்கு மேல் 40% வரை போகும். இதற்கு நமக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தம் கிடையாது. உங்கள் தொகைக்கு இப்போது இது எட்டாது. ஆனால் கணக்கு திறக்கும்போதே, உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் மனைவி பெயருக்கு மாற்ற என்னென்ன காகிதம் வேண்டும் என்று புரோக்கரிடம் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து பான் நகலோடு வீட்டு ஃபைலில் வையுங்கள். நம் டீமேட்டில் நாமினி போட்ட மாதிரி எல்லா புரோக்கரிடமும் நடக்காது.